சொந்தக் கட்சியையே எதிர்த்த அமெரிக்கப் பழமைவாதிகளைப் படிப்பது எப்படி: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளை இருக்கிற வீடு ஒன்று இருக்கும். அதனால் அமெரிக்க அரசியல் நமக்குத் தூரத்துச் சமாசாரமாக இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்துக்கும் காதுகுத்து அழைப்புக்கும் நடுவில் ட்ரம்ப் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆனால் பேச்சு மட்டும் எப்போதும் இரண்டே பெட்டிக்குள் நடக்கிறது. டெமாக்ரட் ஒன்று, ரிபப்ளிகன் இன்னொன்று. ரிபப்ளிகன் என்றால் போர், பெரிய கம்பெனி, சர்ச், துப்பாக்கி எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அந்த மூட்டைக்குள்ளேயே எழுபது எண்பது வருடமாக ஒரு சண்டை நடக்கிறது. குடும்பம், ஊர், நிலம், கோயில் கொண்ட வாழ்க்கைதான் பெரிது என்று நினைத்த பழமைவாதிகள் சிலர், அதே காரணத்துக்காகத் தங்கள் கட்சி நடத்திய போர்களையும் போட்ட வணிக ஒப்பந்தங்களையும் எதிர்த்தார்கள். கட்சியும் அவர்களைச் சும்மா விடவில்லை. இவர்களை எந்த வரிசையில் படிப்பது, எப்படிச் சோதிப்பது, எங்கே எச்சரிக்கையாக இருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாகவும் படிக்கலாம், நாலு பேர் சேர்ந்தும் படிக்கலாம். சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இவர்கள் சொன்னது எல்லாம் எனக்கு உடன்பாடு கிடையாது, சிலது படிக்கவே கூசும். ஆனாலும் தன் பக்கத்து ஆளிடமே "இது தப்பு" என்று சொல்லிவிட்டு அதற்கான விலையைக் கொடுத்தவனை எப்படி எடைபோடுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடம் நம் ஊர் அரசியலுக்கும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

முதலில் அந்த மூட்டை எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வலதுசாரிகள் என்று சொல்லத்தக்கவர்கள் மூன்று கூட்டமாக இருந்தார்கள்: கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர்கள், அரசு எதிலும் தலையிடக் கூடாது, சந்தையே பார்த்துக்கொள்ளும் என்றவர்கள், மரபும் மதமும் ஊர்க்கட்டும் காப்பாற்றப்பட வேண்டும் என்றவர்கள். 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய நேஷனல் ரிவ்யூ பத்திரிகை இந்த மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. அந்தக் கூட்டணிக்கு ஃபிராங்க் மேயர் என்பவர் கொள்கை விளக்கம் எழுதினார். 1964இல் பேரி கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தாலும் கூட்டணி நிலைத்தது, 1980இல் ரீகனை வெற்றி பெற வைத்தது. மூவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது சோவியத் யூனியன் என்ற பொது எதிரி. 1991 டிசம்பரில் அது இல்லாமல் போனதும் உள்ளே இருந்த கணக்குவழக்கு எல்லாம் வெளியே வந்தது. இரண்டே மாதத்தில், 1992 பிப்ரவரியில், நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் பதவியில் இருந்த சொந்தக் கட்சி ஜனாதிபதி அப்பா புஷ்ஷை எதிர்த்து நின்ற பேட் புக்கானன் ஏறக்குறைய 37 சதவீத வாக்கு வாங்கினார். நிக்சனிடமும் ரீகனிடமும் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர் அவர், வெளியாள் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். "வலதுசாரி ஏன் போரை எதிர்க்கிறான்?" என்று கேட்பவர்களுக்கு, பந்தியில் மூன்று கூட்டம் இருந்தது, அதில் ஒன்று எழுந்து போய்விட்டது என்று சொன்னால் போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் புக்கானனின் பேச்சையோ யூடியூப் சண்டையையோ எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். அமெரிக்காவையே கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க்கிடம் போங்கள், ஏனென்றால் இந்த மரபுவாதிகள் எல்லோரும் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொள்வது அவரைத்தான். அவருடைய பிரெஞ்சுப் புரட்சி பற்றிய 1790ஆம் வருடத்து நூலைத்தான் எல்லோரும் கையில் கொடுப்பார்கள். நான் சொல்வது அதற்கு ஐந்து வருடம் முந்தையது: 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்கள் பற்றி அவர் பேசிய பேச்சு. அது நம்மைப் பற்றிய பேச்சு! கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கு எழுதிவைத்து, அந்த வட்டியைக் கர்நாடகச் சீமையின் (இன்றைய கர்நாடகா இல்லை, நவாபின் ஆட்சியில் இருந்த நம் தமிழ்ப் பகுதி) குடியானவர்களிடமிருந்து கறந்துகொண்டிருந்தார்கள். லண்டனில் மந்திரிசபை அந்தக் கடனை விசாரணை இல்லாமல் ஒப்புக்கொண்டது. பர்க் எழுந்து அதைக் கிழித்தார்.

குட்டன்பர்க் தளத்தில் பர்க்கின் தொகுப்பு நூல்களில் மூன்றாவது தொகுதியில் இந்தப் பேச்சு இலவசமாகக் கிடைக்கிறது. நீளமானது, முழுதும் படிக்க உட்கார்ந்தால் கணக்குப் பக்கங்களில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு இடம் மட்டும் முதலில் போதும். ஒன்று, 1780இல் ஹைதர் அலியின் படை மலைக்கணவாய் வழியாக இறங்கி வந்ததைச் சொல்லும் பகுதி. இன்னொன்று ஏரிகளைப் பற்றியது. ரிசர்வாயர் என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரிதும் நடுத்தரமுமான ஏரிகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். அவற்றை வெட்டியவர்கள் குடிகளைப் பிள்ளைகளாக நினைத்த உண்மையான அரசர்கள், இன்னும் பிறக்காதவர்களுக்கு உயில் எழுதுவதுபோல அந்த ஏரிகளை விட்டுப்போனார்கள் என்கிறார். அவர் நம் ஊருக்கு வந்ததே கிடையாது. அயர்லாந்தில் பிறந்து லண்டனில் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஒரு மதகு பழுதானால் என்ன ஆகும் என்று புரிந்து பேசியிருக்கிறார்.

முடிந்தால் அந்தப் பக்கங்களைக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் படியுங்கள். ஏற்காட்டு மலைச்சரிவில் பெய்கிற மழை வந்து சேரும் ஏரி அது. குப்பையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே நடுநடுவே திட்டு போட்டு மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் கொக்கும் நாரையும் இறங்குகின்றன. பழமைவாதம் என்றால் என்ன என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டால், நான் விளக்கம் சொல்லமாட்டேன், இந்த ஏரியைக் காட்டி, பர்க்கின் அந்த ஒரு பத்தியைக் கையில் கொடுப்பேன். வெட்டினவன் பயன் அனுபவிக்காத ஒன்றைப் பராமரிக்கிற பொறுப்பு, அந்தப் பொறுப்பைப் பணத்துக்கு விற்கிறவன் மேல் வருகிற கோபம், இவ்வளவுதான் அடிப்படை. இந்தக் கோபம் அவர்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்த ஆட்களிடம் போகலாம்.

அடுத்து ரஸ்ஸல் கிர்க். 1953இல் வந்த அவருடைய நூல்தான் அமெரிக்காவில் பழமைவாதத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது என்று காட்டியது. அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் அவர் வாழ்ந்ததைப் பாருங்கள். கல்லூரியில் பாடத்தின் தரத்தைக் குறைக்கிறார்கள் என்று பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, மிச்சிகனில் மெகோஸ்டா என்ற சின்ன ஊரில் முன்னோர் வீட்டில் போய் உட்கார்ந்தவர். மரம் நட்டார், அகதிகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தார், எழுதிப் பிழைத்தார். கார் என்பது ஊர்களைக் கலைத்துப்போடுகிற புரட்சிக்காரன் என்று எழுதினார். ஜப்பான் மேல் அணுகுண்டு போட்டதைக் கண்டித்தார். 1944இல், போருக்கு எதிரானவர் என்பதற்காக நார்மன் தாமஸ் என்ற சோஷலிஸ்டுக்கு வாக்களித்தார். 1991 வளைகுடாப் போரை எதிர்த்தார். அடுத்த வருடம் மிச்சிகனில் புக்கானன் பிரச்சாரத்துக்குப் பெயர் கொடுத்தார். ரீகனிடம் பதக்கம் வாங்கிய மனிதர் இவர்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒருவர் ஞாபகம் வந்தே தீர வேண்டும். இதே ஊரில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி. காங்கிரஸில் ஊறியவர், எண்பது வயதில் 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி அதே காங்கிரஸை எதிர்த்தார். 1962இல் அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். பழமைவாதி அணு ஆயுதத்தை எதிர்ப்பது அமெரிக்கருக்கு வேண்டுமானால் விநோதமாக இருக்கலாம், நமக்கு அப்படி இருக்க நியாயமில்லை. ராஜாஜியிடம் மறுபக்கமும் உண்டு, அதற்கும் வருகிறேன்.

இப்போது முக்கியமான வேலை. ஒருவரைப் படிக்கும்போது ஒரு நோட்டில் நாலு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எந்த வருடம், கட்சித் தலைமை என்ன சொன்னது, இவர் என்ன சொன்னார், அதனால் இவருக்கு என்ன போனது. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளை நம்ப அவசரப்படாதீர்கள். எதிர்க்கட்சியைத் திட்டுவதற்கு யாருக்கும் எதுவும் செலவில்லை. பத்து வருடம் கழித்து "நான் அப்போதே சொன்னேன்" என்பதற்கும் செலவில்லை. அதனால் தேதி முக்கியம்.

நிரப்பிக் காட்டுகிறேன். 1949: நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் செனட்டில் 82க்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் ஓஹையோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட், மிஸ்டர் ரிபப்ளிகன் என்றே பெயரெடுத்தவர். மற்ற நாடுகளைக் காப்பாற்ற நிரந்தரமாகப் படை வைத்தால் உள்நாட்டில் வரியும் அரசும் வீங்கும் என்பது இவர்கள் தரப்பு வாதம். 1952இல் டாஃப்ட் கேட்ட ஜனாதிபதி வேட்பாளர் வாய்ப்பு ஐசன்ஹோவருக்குப் போனது. 1993: நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200. கொண்டுவந்து முடித்தது கிளின்டன், ஆனால் ஆதரித்ததில் ரிபப்ளிகன்கள் 132 பேர், டெமாக்ரட்டுகள் 102 பேர்தான். புக்கானன் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். தொழிற்சாலை மூடினால் சம்பளத்தோடு சேர்ந்து சர்ச், பள்ளிக்கூடம், கல்யாணம், எல்லாம் போகும், அப்புறம் குடும்ப மதிப்பைப் பற்றி மேடையில் பேசி என்ன பயன் என்பது வாதம். அம்மாபேட்டையில் வெண்பட்டு நெய்கிற கைத்தறிக்காரரிடமோ, உருக்காலையை விற்கப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் வாசலில் நின்ற தொழிலாளியிடமோ இதைச் சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் 2002 அக்டோபர். இராக் போருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133. எதிர்த்த ரிபப்ளிகன்கள் ஆறே பேர். அந்த ஆறில் டென்னசியின் ஜான் டங்கன், இந்தியானாவின் ஜான் ஹாஸ்டெட்லர் இருவரும் பழமைவாதத் தொகுதிக்காரர்கள். டெக்ஸஸின் ரான் பால் வேறு ரகம், பின்னால் சொல்கிறேன். அதே மாதம் புக்கானனும் வேறு இருவரும் தி அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள், போரை எதிர்க்கிற பழமைவாதிக்கு எழுத இடம் வேண்டும் என்று. 2003இல் போர் தொடங்கிய அதே நாட்களில் நேஷனல் ரிவ்யூவில் டேவிட் ஃப்ரம் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்த ஆட்களையெல்லாம் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று பெயர் சொல்லித் தள்ளிவைத்தார். அந்தக் கட்டுரையையும் கட்டாயம் படிக்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவர் சொல்வதில் எது உண்மை, எது ஆளை அடக்கும் வேலை என்று பிரிப்பது நல்ல பயிற்சி, ஏனென்றால் இரண்டும் அதில் கலந்திருக்கிறது.

இருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். ஆண்ட்ரூ பேசவிச், வியட்நாமில் போர் புரிந்த ஓய்வுபெற்ற கர்னல், கத்தோலிக்கர், பேராசிரியர். பழமைவாதி என்ற நிலையிலிருந்தே இராக் போரை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். 2007 மே மாதம் அவருடைய மகன், ராணுவ அதிகாரி, அதே இராக்கில் கொல்லப்பட்டார். இன்னொருவர் வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். இவர் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். பிரான்ஸ் போரை எதிர்த்தது என்ற கோபத்தில் நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்ச் ஃபிரைஸ் என்ற பெயரையே மாற்ற வைத்தவர்களில் ஒருவர். பிறகு இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் தன் கையொப்பத்தோடு கடிதம் அனுப்ப ஆரம்பித்தார். 2005இல் படையைத் திரும்ப அழைக்கச் சொன்னார். அவர் தொகுதியில் பெரிய ராணுவ முகாம் இருக்கிறது, அங்கே நின்று இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 2012இல் கட்சித் தலைமை அவரை முக்கியமான குழு ஒன்றிலிருந்து நீக்கியது. மக்கள் 2019இல் அவர் இறக்கும்வரை தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

வாக்கு விவரங்கள் எல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே பெயர் பெயராக இருக்கின்றன. யாராவது "இவர் அப்போதே எதிர்த்தார்" என்று சொன்னால் போய்ப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுத்து, யாரை யாரோடு கலக்கக் கூடாது என்று ஒரு சின்னக் கணக்கு. ட்ரம்ப்பை எதிர்க்கிற ரிபப்ளிகன் எல்லாம் இந்த மரபுவாதி கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லிஸ் சேனி, பத்திரிகையாளர் பில் கிறிஸ்டல் இருவரும் ட்ரம்ப்பை எதிர்த்தார்கள், லிஸ் சேனி அதற்காகப் பதவியையும் இழந்தார், அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் இராக் போர் விஷயத்தில் அவர்கள் எதிர்முகாம். ரான் பால் போன்ற லிபர்டேரியன்கள், அதாவது அரசு எதிலும் தலையிடக் கூடாது என்கிறவர்கள், போரை எதிர்ப்பதில் இவர்களோடு சேர்வார்கள், சந்தை என்று வந்ததும் பிரிந்துவிடுவார்கள். கிர்க் அவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருக்கிறார். 2025 ஜூனில் ஈரான் மேல் குண்டு போடுவதற்குச் சில நாள் முன்பே அதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்து ட்ரம்ப்பை எதிர்த்த கென்டக்கியின் தாமஸ் மாஸி அந்த லிபர்டேரியன் பக்கம் சாய்ந்தவர்.

ட்ரம்ப் யார் பக்கம்? இந்தக் கேள்வியில்தான் மரபுவாதிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வணிக ஒப்பந்தம், குடியேற்றம், வெளிநாட்டுப் போர் என்று புக்கானன் 1992இல் பேசிய மூன்றையும் 2016இல் எடுத்துப் பேசி ஜெயித்தது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். 2005இல் கீலோ வழக்கு என்று ஒன்று: கனெக்டிகட்டில் நியூ லண்டன் நகராட்சி, தனியார் மேம்பாட்டுத் திட்டத்துக்காகக் குடியிருப்பு வீடுகளைக் கையகப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. நாடெங்கும் பழமைவாதிகள் கொதித்தார்கள். ட்ரம்ப் தொலைக்காட்சியில் அந்தத் தீர்ப்பை முழுதாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு முன்பே அட்லாண்டிக் சிட்டியில் அவருடைய சூதாட்ட விடுதியை ஒட்டி இருந்த ஒரு விதவையின் வீட்டை எடுக்க அரசு அமைப்பு ஒன்று முயன்றது, 1998இல் நீதிமன்றம் தடுத்தது. நிலத்தை, வீட்டை, பாட்டன் வைத்த மரத்தை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை வைத்து இந்த வகையில் அவர் சேருவாரா என்று முடிவெடுங்கள்.

இதை நம்மிடம் யாரும் விளக்க வேண்டாம். 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு, 277 கிலோமீட்டருக்கு, அளவுக்கல் நட்டபோது பூலாவரிப் பக்கம் பாக்குத்தோப்பிலும் கிணற்று மேட்டிலும் நின்று அழுதவர்கள் எந்தக் கட்சியென்று யாருக்கும் சொல்லத் தெரியாது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. சந்தை விலைக்கு மேல் தருகிறோமே, அப்புறம் என்ன என்று கேட்ட அதிகாரிக்கு அந்தக் கிணற்றை வெட்டியவர் யார் என்று தெரியாது.

அந்த இடத்தில் வெண்டெல் பெரியைப் படியுங்கள். கென்டக்கியில் ஹென்றி கவுண்டியில் விவசாயம் செய்துகொண்டே எழுதுகிறவர். அவர் ரிபப்ளிகன் கிடையாது, வியட்நாம் போரை எதிர்த்தவர், ஆனாலும் மரபுவாதிகள் அவரைத் தங்கள் ஆளாகக் கொண்டாடுகிறார்கள். பெரிய பண்ணையாகு இல்லையென்றால் வெளியேறு என்ற கொள்கையை நிக்சன் காலத்து விவசாய மந்திரி எர்ல் பட்ஸ் பரப்பினார். அதற்கு மறுப்பாக 1977இல் பெரி எழுதிய நூல், சின்ன விவசாயி போனால் மண்ணும் போகும், ஊரும் போகும் என்று காரணகாரியத்தோடு காட்டியது. ஏற்காட்டில் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றி, கீழே காபி வைத்து, நடுவில் நாலு ஆரஞ்சும் பலாவும் விட்டு இரண்டு ஏக்கரில் பிழைக்கிற மலைக்காரரிடம் போய் ஒரு நாள் பேசிவிட்டு வந்து வெண்டெல் பெரியைப் படித்தால் ஒவ்வொரு பக்கமும் பிடிபடும்.

இனி கசப்பான பகுதி. இதைத் தவிர்த்துவிட்டு இந்த மரபைப் புகழ்கிறவனை நம்பாதீர்கள். 1930இல் தென் மாநில எழுத்தாளர்கள் பன்னிரண்டு பேர் இயந்திர நாகரிகத்தை எதிர்த்து, விவசாய வாழ்க்கையை ஆதரித்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். மரபுவாதிகள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த வயலில் யார் வேலை செய்தது, யாருக்கு நிலம் மறுக்கப்பட்டது என்று அதில் தேடினால், ராபர்ட் பென் வாரன் எழுதிய கட்டுரை கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைப்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பின்னாளில் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார், எல்லோரும் கைவிடவில்லை. பெரிய கம்பெனிகளையும் கட்சித் தலைமையையும் கூர்மையாக விமர்சித்த சாம் ஃபிரான்சிஸ், வெள்ளையினத்தைப் பற்றிப் பேசிய பேச்சால் 1995இல் பத்திரிகை வேலையை இழந்தார், அதற்குப் பிறகும் அதே வழியில் போனார். ஜோசப் சோப்ரன் யூதர்களைப் பற்றி எழுதியதற்காக பக்லியோடு மோதி 1993இல் வெளியேற்றப்பட்டார். இவர்களுக்கும் நாலாவது கட்டம் நிரம்பித்தான் இருக்கிறது. விலை கொடுத்தான் என்பதாலேயே ஒருவன் சொன்னது சரியாகிவிடாது.

அதனால் நோட்டில் ஐந்தாவது கோடு ஒன்று போட வேண்டும்: யாருடைய மரபு? எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் போட வைத்தது ஒரு கல்லூரி மாணவி. கிர்க் படித்துக்கொண்டிருந்தோம். நெசவுக் குடும்பத்திலிருந்து வந்து வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நிறுத்தினாள்.

"ஐயா, முன்னோர் வழிங்கறாரே, எந்த முன்னோருங்க? எங்க பாட்டி இந்த வீதியில செருப்புப் போட்டு நடக்க முடியாதுங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ கேட்கறது சரி கண்ணு. எங்க அப்பா தறியிலயே உக்காருன்னுதான் சொன்னாரு. 53ல ராஜாஜி கொண்டாந்த திட்டம் நிலைச்சிருந்தா நான் வாத்தியார் ஆயிருக்க மாட்டேன். அதுக்காக இந்தப் புஸ்தகத்த மூடிடலாமா, இல்ல கேள்வியோட சேர்த்துப் படிக்கலாமா, நீ சொல்லு."

"படிக்கலாங்க ஐயா. ஆனா கேள்விய விடக்கூடாதுங்க."

அன்றிலிருந்து அப்படித்தான் படிக்கிறோம். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் போகச் சொன்ன திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது, 1954இல் அவர் பதவி விலகினார். அந்த நினைவு நமக்கு ரத்தத்தில் இருப்பதால், அமெரிக்க வாசகர்கள் பலர் எளிதாகத் தாண்டிப்போகிற இடத்தில் நாம் நின்று கேட்போம். இந்த மரபைப் படிக்க இது பெரிய பலம். ஏரியை வெட்டியது மரபு, அந்த ஏரியில் தண்ணீர் மொள்ள விடாததும் மரபு. முதலாவதைக் காப்பாற்றுகிறவன் இரண்டாவதைப் பற்றி என்ன சொல்கிறான் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களின் பெயருக்கு எதிரே அதையும் குறித்துவையுங்கள்.

சேர்ந்து படிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே ஜாதி, ஒரே வயது, ஒரே கட்சி ஆட்களாக உட்கார்ந்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. ஆறேழு பேர் போதும். ஒருவர் வாசிக்க, அவ்வப்போது நிறுத்தி ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் பர்க்கின் ஆங்கிலம் ஓடாது. ஒரு நாளைக்கு ஒரு கட்டுரைக்கு மேல் வேண்டாம். நம் ஊர் கட்சிகளை ஒப்பிட்டுப் பேசத் தடையில்லை, ஆனால் அன்றைய கட்டுரையை முடித்த பிறகுதான். இல்லையென்றால் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டீர்கள். தட்டுவடை செட்டை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சட்னிக் கையோடு புத்தகம் புரட்ட வேண்டாம்.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரோடு இதைப் பேசுவது. இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் குடியேற்றம் பற்றி இந்த மரபுவாதிகளில் பலர் எழுதுவது நம் பிள்ளைகளைப் பற்றியதுதான். புக்கானன் சட்டப்படியான குடியேற்றத்தையே குறைக்கச் சொன்னவர். 2024 டிசம்பரில் எச்1பி விசாவை வைத்து ட்ரம்ப் ஆதரவாளர்களுக்குள்ளேயே, அது வேண்டும் என்று ஈலோன் மஸ்க் ஒரு பக்கம், வேண்டாம் என்று ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் மறுபக்கம் என்று சண்டை வந்தது. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அங்கே வேலை பார்க்கிற அக்கா மகனுக்கு இது வயிற்றைக் கலக்குகிற செய்தி. அவனிடம் போய் "புக்கானன் ஒரு விதத்தில் நியாயம்தான்" என்று ஆரம்பித்தால், "மாமா, உங்களுக்கு என்ன, நீங்க சேலத்துல உக்காந்திருக்கீங்க" என்றுதான் சொல்வான், சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே குடியேற்றத்தில் தொடங்காதீர்கள். அவன் இருக்கிற ஊரில் எந்தத் தொழிற்சாலை மூடியது, கடைவீதி எப்போது காலியானது, பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளை எந்தப் போருக்குப் போய்வந்தது என்று கேளுங்கள். அந்த ஊரின் கதை தெரிந்த பிறகு, அங்குள்ளவர்களின் கோபத்தில் எது ஊர் போன துயரம், எது நிறவெறி என்று அவனே பிரித்துச் சொல்வான். நம்மைவிட அவனுக்குத்தான் அது நேரில் தெரியும். கேட்டதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த ஞாயிறு கூட்டத்தில் வாசிக்கலாம்.